கடைசியாக இறங்கிய பிள்ளை

புதன், சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, நான் மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, அவை காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செங்கல்லை வைக்கிறேன். பூப்பந்து தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்கிள், கதவு தொறந்திருந்தா காத்துல பந்து ஓடுதுலா. புள்ளைங்க எப்படி வெளாடும்?" ஓடட்டும் அம்மா என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற என் பழைய மாணவர்களும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்து ஏதாவதொரு கழகத்தில், கோயில் குழுவில், வார இறுதி வகுப்பில் "பொறுப்பு" என்று ஒன்றை ஏற்றுக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவது, இந்த மலேசிய நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கே விசித்திரமாக இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலையில், ரயில்வே குடியிருப்பில். அங்கே பூப்பந்து என்றால் கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து. திறந்த மைதானத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவோம். வேலை முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலை ஊன்றி நின்று, யாரென்று தெரியாமலேயே எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். இங்கே பூப்பந்து என்பது இறகு வைத்த பந்து. ஒரு மூச்சுக் காற்று பட்டாலும் அது வழி மாறிவிடும். அதனால் வியர்வை ஆறாக ஓடுகிற இந்த ஊரில், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக வந்த முதல் மாதம், சாத்திய மண்டபத்துக்குள்ளிருந்து மட்டைகளின் சத்தமும் ரப்பர் காலணிகளின் கிறீச்சொலியும் கேட்டபோது, உள்ளே என்னவோ நடக்கிறது, பார்க்க முடியவில்லையே என்று தோன்றியது. அந்த முதல் எண்ணத்தை நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கையில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை. மகன் மெல்பர்னில். மனைவி போய் நான்கு ஆண்டுகள். ஓய்வு பெற்றவன், தனியாள், கையெழுத்து அழகாக இருக்கும் என்ற தகுதிகளால் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், பெற்றோர்கள் தொடங்கிய பூப்பந்துக் கழகத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஒன்பது வயது முதல் பதினான்கு வயது வரை இருபத்து மூன்று பிள்ளைகள். இதில் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். "நம்ம சார்" என்றார்கள். அதுவரை நான் "அந்த இந்தியாக்கார சார்." இந்த ஒரு சொல் மாற்றத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன். எதை வேண்டுமானாலும் பார்க்காமல் இருந்திருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன்.

பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்போம். பெயர் எழுத மாட்டேன், வழக்கு நடக்கிறது. மாநில அளவில் ஆடியவர், சிரித்த முகம், பிள்ளைகளின் தலையைக் கோதிப் பேசுவார். முதல் நாளே பெற்றோர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பிள்ளைகளை அவர் காலில் விழச் செய்தார்கள். அந்த ஏற்பாடு என்னுடையதுதான். ஊரில் பாட்டு வகுப்புக்கும் பரத வகுப்புக்கும் அப்படித்தானே சேர்ப்போம் என்று சொல்லி, விழாவாகவே நடத்தினேன். அவர் முதல் வாரம் என்னிடம் கேட்டது இரண்டு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. பெற்றோர் உள்ளே வரக் கூடாது. "சார், இது ஓங்க ஊரு கம்பளிப் பந்து இல்லலா. காத்து ஒரு ஊது ஊதுனா போச்சு. அப்புறம், அம்மா நிக்கறாங்கன்னா புள்ள பந்தப் பாக்காது, அம்மாவத்தான் பாக்கும்." எனக்கு அது ஒழுங்காகப் பட்டது. "பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே வர அனுமதி இல்லை" என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்திட்டு, கதவில் ஒட்டினேன். கதவைச் சாத்தியது நான்தான்.

மண்டபக் காவலர் பாக் சாலே, என் வயதுள்ள மலாய்க்காரர். நான் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் என்னைச் சிக்கு என்பார். ஒவ்வொரு பயிற்சியின்போதும் அவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, துடைப்பத்துடன் அங்கேயே நின்று பெருக்கிக்கொண்டிருப்பார். நான் போய்ச் சாத்துவேன். பத்து நிமிடத்தில் மறுபடி திறந்திருக்கும். ஒருநாள் எரிச்சலுடன் ஏன் என்று கேட்டேன். "பானாஸ், சிக்கு" என்றார். வெப்பமாம். என் அரைகுறை மலாயில் இறகுப்பந்தின் எடையைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் தலையசைத்தார். அடுத்த புதன்கிழமை கதவு மறுபடி திறந்திருந்தது. சொன்னதைக் கேட்காத ஆள் என்று முடிவு கட்டி, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

இனி அந்தப் பிள்ளை. யாழினி என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் அல்ல. பதினொரு வயது. அப்பா இல்லை. அம்மா பரமேஸ்வரி ஷா ஆலம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பகலும் இரவுமாக முறை வேலை பார்த்தார். பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் தன் காரில் நான்கைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுவார். வண்டியில்லாத அம்மாக்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டு நன்றி சொன்னோம். மாலையை வாங்கி வந்தவனும் நான்.

ஒரு புதன்கிழமை, ஆறரை மணி இருக்கும். பிள்ளைகள் காலணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தேன். யாழினி வந்து நின்றாள். மட்டைப் பையை முன்பக்கமாக, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அங்கிள், நீங்க போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

"மாஸ்டர் கார்ல எடம் இல்லையா?"

"இருக்கு." பையின் பட்டையை முறுக்கினாள். "எப்பவும் நான்தான் கடைசியா எறங்குறேன் அங்கிள்."

நான் சிரித்தேன். "யாராவது ஒருத்தர் கடைசியாத்தானே எறங்கணும்?"

அவளும் சிரித்தாள். பெரியவர்கள் நகைச்சுவை சொல்லும்போது பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

இத்தோடு நின்றிருந்தால் என்னைக் கவனக் குறைவானவன் என்று சொல்லி விட்டுவிடலாம். நான் நிற்கவில்லை. அவள் ஏறியபின் மாஸ்டரின் ஜன்னலருகே குனிந்து, அவரிடமே சொன்னேன். "இந்தப் பொண்ணுக்குக் கடைசியா எறங்கறது பிடிக்கல போல, என்னோட வரேங்குது." ஒருவரைப் பற்றிப் பின்னால் பேசக் கூடாது, ஆசிரியரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அதை நேர்மை என்று நினைத்துத்தான் செய்தேன். மாஸ்டர் சிரித்தார். "அப்படியா? பேசிக்கிறேன் சார்." பின் இருக்கையில் யாழினியின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போயிற்று. நான் மண்டபத்தைப் பூட்டினேன்.

அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்பதும் இங்கே வராது; அது அவளுடையது, நான் எடுத்து எழுதுவதற்கு உரியதல்ல. ஆனால் அந்தக் கார் வளைவில் திரும்புவதை நான் இன்றும் பார்க்கிறேன். சோறு பிசையும்போது பார்க்கிறேன். மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போது பார்க்கிறேன். அடுத்த மூன்று பயிற்சிகளுக்கு அவள் வந்தாள். என் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அவள் தன் பள்ளியின் ஆலோசகர் ஆசிரியையிடம் பேசிவிட்டாள். காவல் நிலையத்தில் புகார் பதிவானது. மறுநாள் நண்பகலில் பரமேஸ்வரி தொழிற்சாலைச் சீருடையிலேயே மண்டபத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அவ ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

எத்தனையோ வகுப்பறைகளில் எத்தனையோ கேள்விகளுக்கு யோசிக்காமல் விடை சொன்னவன் நான். இதற்கும் யோசிக்கவில்லை. "இல்லம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்றார். திரும்பிப் போய்விட்டார். பழி என் மேல் விழவில்லை என்று எனக்குள் ஏதோ தளர்ந்தது. அந்த வாரமே ஒரு பெண் காவல் அதிகாரி என்னை அழைத்து விசாரித்தார். பிள்ளைகள் யாராவது எப்போதாவது உங்களிடம் புகார் சொன்னார்களா? இல்லை என்றேன். அவள் புகார் என்று எதையும் சொல்லவில்லையே, காரைப் பற்றித்தானே பேசினாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

ஏன் பொய் சொன்னேன்? பயம். சிவப்பு அட்டைக்காரனை நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். "நம்ம சார்" போய்விடுமோ என்று பயம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது; அது இந்த நாட்டில் வந்ததல்ல. பொன்மலைப் பள்ளியில் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை ஒன்று உண்டு. சாயங்காலம் அந்த அறைக்கு வலை எடுக்கத் தனியாகப் போகக் கூடாது என்று எங்களில் எல்லாப் பையன்களுக்கும் தெரியும். ஒரு வாத்தியாருக்காக. ஒருவன் அழுதுகொண்டு வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. திறந்த மைதானம் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அதன் ஓரத்தில்தான் அந்த அறை இருந்தது. பெட்டி படுக்கையோடு அந்த மௌனத்தையும் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறியிருக்கிறேன்.

அதிகாரி பதிவேட்டின் நகல் கேட்டிருந்தார். நகல் எடுக்கும் கடையில், இயந்திரத்தின் வெளிச்சம் ஒவ்வொரு பக்கமாக ஓட, பிள்ளைகளின் முகவரிகள் கண்ணில் பட்டன. எல்லாம் நானே எழுதியவை. மாஸ்டர் காரில் போன ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி பாலத்துக்கு அப்பால். மூன்று பேர் பெரிய சாலைக்கு மறுபுறம். யாழினியின் வீடு மண்டபத்திலிருந்து இரண்டாவது சந்து. நடந்தால் ஆறு நிமிடம்.

முதலில் இறங்க வேண்டிய பிள்ளை. எப்பவும் நான்தான் கடைசியா எறங்குறேன் அங்கிள். அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஒரு வேதியியல் ஆசிரியனுக்கு இதற்கு மேல் தரவு வேண்டுமா? கடைக்காரப் பையன் "அங்கிள், ஓக்கேவா? தண்ணி வேணுமா?" என்று கேட்டபோதுதான் நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

மண்டபத்துக்கு வந்தேன். பாக் சாலே படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மலாயில், எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசினார். அந்த மனிதர் பிள்ளைகளைத் தொட்டுப் பேசும் விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அதனால்தான் கதவைத் திறந்து வைத்தேன் என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் மாஸ்டர், நான் ஒரு மலாய்க்காரக் கூலியாள். நான் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும் சிக்கு என்றார். இங்கே வாழ்கிறவர்களுக்கு அது விளங்கும். வெப்பம் என்று சொன்னால் நான் புரிந்துகொள்வேன் என்று நம்பியிருக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்தப் பெண் உங்கள் மேசைக்கு வந்து பேசியதை நான் பார்த்தேன். போலீஸிடமும் சொல்லியிருக்கிறேன்."

அன்று மாலை திருச்சியிலிருந்து தம்பி அழைத்தான். அவனிடம் பாதி சொன்னேன். "நீ ஏண்ணே அங்க மாட்டிக்கிட்டு முழிக்கிற? அதான் அண்ணி போனதுலேர்ந்து வரேன் வரேன்னு சொல்றியே. கெளம்பி வா. மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு." சரி என்று சொல்லிவிட்டு, கணினியில் விமான நேரம்கூடப் பார்த்தேன். அடுத்த வியாழன் காலையில் இடம் இருந்தது. போயிருந்தால் ஊரில் என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். மலேசியாவிலிருந்து வந்த சார் என்று மரியாதைகூடக் கிடைத்திருக்கும். ஆனால் இங்கே ஒரு காகிதத்தில் என் கையெழுத்துக்கு மேலே, அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கும்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். முன்பு சொன்னது பொய் என்றேன். அந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருக்கிறார் போல. மூன்று மணி நேரம் எழுதினார்கள். மாஸ்டரிடம் நான் போய்ச் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். பொய் வாக்குமூலத்துக்காக என் மேல் நடவடிக்கை வருமா என்று கேட்டேன். வரலாம், மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள் என்றார். இன்னும் முடிவாகவில்லை. வாசலில் தபால்காரர் வண்டி நின்றால் இன்றும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

பரமேஸ்வரி அதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு, மகளுடன் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். தொலைபேசியில் அழைத்து, வரலாமா என்று கேட்டேன். வாங்க என்று மட்டும் சொன்னார். கிள்ளானிலிருந்து ரயிலேறி சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தேன். கோலைத் தட்டிக்கொண்டு, நடைபாதையில் பதித்த மஞ்சள் தடத்தில் வந்த பார்வையற்ற ஒருவருக்கு வழிவிட்டு, பூக்கடைகளைத் தாண்டி, பழைய அடுக்ககத்தின் நான்காம் மாடி ஏறினேன். பழம் வாங்கிப் போகலாமா என்று கீழே கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது, நான் சிரித்தது, மாஸ்டரிடம் சொன்னது, இல்லை என்றது, போலீஸில் மாற்றி எழுதியது. பரமேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவ சொன்னா சார். அங்கிள்கிட்ட சொன்னேன், அங்கிள் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டாருன்னு, புகார் குடுத்த அன்னிக்கே சொன்னா." ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்தார். "நான் வந்து ஒங்களக் கேட்டேன். நீங்க இல்லன்னீங்க. வீட்டுக்குப் போயி, சார் மேலயும் பழி போடுறியாடின்னு கன்னத்துல அறைஞ்சிட்டேன்."

அடுத்த சட்டையை எடுத்தார்.

"அதுக்கப்புறம் அவ எங்கிட்ட எதையும் சொல்றதில்ல. போலீஸ் கேட்டாலும் பேசறதில்ல. சொன்னா யாரு நம்புவான்னு கேக்குறா. பதினோரு வயசு சார்."

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. யாழினி தண்ணீர் எடுக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். வளர்ந்திருந்தாள், அல்லது மெலிந்திருந்தாள். அவள் என்னிடம் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரும்மா. போலீஸ்லயும் சொல்லிட்டாரு."

அவள் தலையசைத்தாள். தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்திருந்த வாக்கியங்கள் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. படியிறங்கும்போது பரமேஸ்வரி பின்னாலிருந்து சொன்னார். "கேஸ் வர்றப்ப இருப்பீங்களா சார்? இல்ல, ஊருக்குப் போயிடுவீங்களா?"

இருப்பேன் என்றேன். அதற்காகத்தான் இருக்கிறேன். போன வாரம் அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். யாழினி மறுபடி அந்த அதிகாரியிடம் பேசத் தொடங்கிவிட்டாளாம். அவ்வளவுதான், வேறொன்றும் எழுதவில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். கழகத்தை மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மூடினால் பிள்ளைகள் வேறு ஏதாவது சாத்திய கதவுக்குப் பின்னால் போவார்கள் என்று மருத்துவமனைத் தாதியாக இருக்கும் ஒரு அம்மா சொன்னார். அவர்தான் இப்போது தலைவி. கறுப்புத் துணியைக் கழற்றினோம். நான் கையெழுத்திட்டு ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்தேன்; பசையின் அடையாளம் இன்னும் இருக்கிறது. பயிற்சி நடக்கும்போது உள்ளே எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் வீட்டார் அல்லாத ஒற்றைப் பெரியவருடன் காரில் ஏறுவதில்லை. யாரோடாவது போக விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் சரி என்று சொல்ல வேண்டும் என்பதை அந்த அம்மா எங்கள் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். என்னை இரண்டு முறை.

கதவைத் திறப்பதும் சாத்துவதும் மட்டும் என் வேலை. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாசற்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன் கால்கள் உள்ளே, பின் கால்கள் வெளியே. பாக் சாலே சில நாள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பக்கக் கதவின் பூட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். "பானாஸ்" என்பார். "பானாஸ், பாக்" என்பேன். உள்ளே பந்து காற்றில் கோணலாகப் போகும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே துரத்துவார்கள்.

நேற்று ஆறரை மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து ஒலியெழுப்பியது. ஒரு சிறுமி பையோடு என்னைத் தாண்டி ஓடினாள். காரின் கண்ணாடி கறுப்பாக இருந்தது, ஓட்டுபவர் தெரியவில்லை. எழுந்து ஒரு காலை வெளியே வைத்தேன். அதே நேரத்தில், உள்ளே கடைசியாக ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. கண்ணாடி இறங்கியது; அந்தச் சிறுமியின் தாத்தா. எனக்குத் தெரிந்தவர்தான். கையசைத்தார். தெரிந்தவர் என்பதால் மட்டும் மனம் அடங்கிவிடவில்லை; அதுதான் இப்போது என் நோய். கையில் கைப்பேசி அதிர்ந்தது, திருச்சித் தம்பி. எடுக்கவில்லை. கார் வளைவில் திரும்பும்வரை ஒரு கண் அங்கே, கயிறு கட்டி முடியும்வரை ஒரு கண் இங்கே. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எந்தப் பக்கமும் முழுதாகப் போக முடியாமல் அப்படியே நின்றேன்.